முதலிபாளையம் கோடை முகாமும் நான் ஒட்டிய நான்கு ஸ்டிக்கரும்

ஈரோட்டிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றித்தான் இந்த வலைப்பதிவில் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். ஒரு அணை, ஒரு மலைக்கோயில், ஒரு மாட்டுச் சந்தை, அவ்வளவுதான். இந்தக் கோடை தொடங்கும்போது ஒரு வாசகி பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: “எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளைக் கோடை முகாமுக்கு அனுப்புவதில் பிரயோஜனம் உண்டா? திருப்பூர்ப் பக்கம் ஏதாவது முகாம் பார்த்திருந்தால் எழுதுங்களேன்.” நான் பதில் போடவில்லை. அதே கேள்வியை வைத்து என் வீட்டில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது.

மே மாதம் மகளை முதலிபாளையம் முகாமில் கொண்டுபோய் விட்டுப் பத்து நாள் கழித்துக் கூட்டி வந்தேன். இது அந்த இரண்டு பயணங்களின் கதை. அவள் பெயரைப் போடக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. எங்கள் பக்கத்து வீடுகளில் பெண் பிள்ளைகளை எப்படி அழைப்பார்களோ அப்படியே பாப்பா என்று எழுதுகிறேன். ஒன்பதாவது முடித்தவள், பத்தாவது போகிறாள்.

என் வேலையைச் சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும். பின்னலாடைக் கம்பெனிகளில் இறுதி ஆய்வு செய்கிறவன் நான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் சார்பில் போய், கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளில் சிலவற்றைப் பிரிப்பேன். உள்ளே இருக்கும் உடுப்புகளை டேப்பால் அளந்து, தையலை இழுத்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவேன். அதை எல்லாரும் ஆரோ என்பார்கள். பெரிய குறை மேஜர், சின்னக் குறை மைனர். அவை அளவுக்கு மீறினால் மொத்தச் சரக்கும் ஃபெயில். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. நான் உள்ளே நுழைந்தால் கம்பெனியில் சிரிப்புச் சத்தம் நின்றுவிடும், டீ மட்டும் உடனே வந்துவிடும்.

இந்தப் புத்தி வேலையோடு நின்றால் பரவாயில்லை. கல்யாண வீட்டில் இலை போட்டால் முதலில் இலையின் கிழிசல்தான் என் கண்ணில் படும். என் மனைவி சுமதி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றால் பார்டரில் இழை விட்டுப்போன இடத்தைக் காட்டிவிட்டுத்தான் “நல்லா இருக்கு” என்பேன். அவள் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பதே இல்லை.

முகாமைப் பற்றிச் சுமதியின் அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் அங்கேயே பத்து நாள் தங்க வேண்டும், கடைசி நாளன்று ஆளுக்கு ஒரு டி-ஷர்ட் தைத்து முடிக்க வேண்டும். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய். நான் குதித்தேன். பத்தாவது போகிற பிள்ளைக்கு லீவில் கணக்கு டியூஷன் வைக்காமல் இது எதற்கு? தையல் கற்றுக்கொள்ள ஈரோட்டில் ஆளா இல்லை? அபாகஸ், ரோபோ, மேடைப்பேச்சு என்று தெருவுக்குத் தெரு முகாம் போர்டு தொங்குகிறது, எல்லாமே லீவு வியாபாரம். இப்படி அரை மணி நேரம் பேசினேன்.

பாப்பா குறுக்கே பேசவில்லை. கடைசியில், “எனக்குப் போகணும்ப்பா” என்றாள். அவ்வளவுதான், ஒப்புக்கொண்டுவிட்டேன். அவள் நினைத்துக்கொண்ட மாதிரி மனம் இளகி ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு சுயநலம் இருந்தது. இந்தப் பதினான்கு வருடத்தில் அவள் என் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஒரு டி-ஷர்ட்டை ஒழுங்காகத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தால், அப்பா எதற்கு இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார் என்பதும் புரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஈரோட்டிலிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர். காலை ஏழு மணியை ஒட்டி ஒரு பாசஞ்சர் ரயில் உண்டு, டிக்கெட் பதினைந்து ரூபாய். நேரம் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். பெருந்துறை, ஈங்கூர், விஜயமங்கலம், ஊத்துக்குளி என்று எல்லா இடத்திலும் நின்று போகும். ஞாயிறு தவிர மற்ற நாளில் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம், வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் அப்படி. ஊத்துக்குளி வழியாகப் போகிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் வெண்ணெய் வாங்கி வரச் சொல்வார்கள். ரயில் நிற்கிற நிமிடத்தில் அதெல்லாம் நடக்காது. இறங்கி ஊருக்குள் போகத்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

திருப்பூர் ஸ்டேஷனிலிருந்து முதலிபாளையம் பத்து கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். காங்கேயம் ரோட்டில் நல்லூர் வழியாக டவுன் பஸ் போகிறது. பையும் தலையணையுமாக இருந்ததால் நாங்கள் ஆட்டோ பிடித்தோம். இருநூற்றைம்பது கேட்டார், கொடுத்தேன். முப்பது வயது இருக்கும் அந்த டிரைவருக்கு. நல்லூர் தாண்டும் வரை கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது.

“ஏனுங்கண்ணா, பாப்பாவ ஆஸ்டல்ல உடப் போறீங்ளா?”

“ஆமாங்க, பத்து நாளைக்கு.”

“எந்தக் கம்பெனிங்க?”

“கம்பெனி இல்லீங்க, கேம்ப்.”

“கேம்ப்புன்னா டிரெய்னிங்குங்ளா? டெய்லருக்குங்ளா, செக்கிங்குக்குங்ளா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். “அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. பத்தாவதாச்சும் முடிக்கட்டுமுங்க. சின்னப் புள்ளைங்க. ஊட்ல கஷ்டம்னா வேற ஏதாச்சும் வழி பாக்கலாமுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மே மாதத்தில், கையில் தலையணையோடு, ஒரு பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருவன் முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் போகிறான் என்றால், கம்பெனி வேலைக்குச் சேர்த்துவிடப் போகிறான் என்றுதானே அவர் நினைப்பார்? பாப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அண்ணா, நான் பள்ளிக்கூடம்தான் போறேன். இது லீவுக்குங்க, அப்பாதான் காசு கட்டியிருக்காங்க” என்றாள். “காசு கட்டித் தைக்கறீங்ளா?” என்று அவர் வாயைப் பிளந்தார். முகாம் வாசல் வரை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போனோம். இறங்கும்போது, “நல்லாக் கத்துக்க கண்ணு” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது என்பதை ஈரோடு திரும்புகிற ரயிலில் நினைத்துக்கொண்டேன்.

முகாம் நடக்கும் இடம் முன்பு பின்னல் மெஷின் ஓடிய ஒரு ஷெட். தகரக் கூரைக்குக் கீழே ஓலைத் தட்டி அடித்து, தரையில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். ஆனாலும் மதியம் வெந்துவிடும். தையல் மெஷின்கள் பழையவை. பாதுகாப்பு மூடி எல்லாவற்றிலும் இருந்தது, அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடம், ராத்திரி ஒரு வார்டன் அம்மா கூடவே படுத்துக்கொள்வார். கழிப்பறைக் கதவு ஒன்றில் தாழ்ப்பாள் ஆடியது. சொன்னேன், அன்றே மாற்றினார்கள். நடத்துகிறவர் ஜெசிந்தா மிஸ், ஐம்பதை ஒட்டிய வயது. கம்பெனிகளில் அளவு போட்டு வெட்டுகிற வேலையில் இருந்துவிட்டுப் பிறகு இதைத் தொடங்கியவர். முகாமின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இப்போதே சமாளிக்க முடியாத அளவுக்குப் பிள்ளைகள் வருகிறார்களாம்.

செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசலாம். அந்த ஞாயிறு பாப்பா போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டோம்.

“என்ன கண்ணு கத்துக்கிட்ட?” என்று கேட்டேன்.

“நேத்து நல்லூர் பஸ் ஸ்டாப்புல ஒரு மணி நேரம் நின்னோம்ப்பா.”

“எதுக்கு?”

“ஆளுங்க நடக்கறதப் பாக்கறதுக்கு.”

எனக்கு வந்த கோபத்தைச் சுமதி கையைக் காட்டி அடக்கினாள். போன் வைத்ததும் கொட்டித் தீர்த்தேன். பஸ் ஸ்டாப்பில் ஆள் போவதைப் பார்க்க ஒன்பதாயிரமா? நம் தெருமுனையில் நின்று பார்த்தால் ஒருத்தரும் காசு கேட்க மாட்டார்களே! சுமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்திலேயே என் பழைய நீல டி-ஷர்ட்டைக் காணோம் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். வாரக் கணக்கில் துவைக்காமல் போட்டாலும் எனக்கு அதுதான் பிடிக்கும்.

கடைசி நாள் ஒரு வேலை நாளில் வந்தது. சுமதிக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கும் அன்று காலை அதே முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் ஆய்வு இருந்தது. வேலையை முடித்துவிட்டு அப்படியே முகாமுக்குப் போய்விடலாம் என்று திட்டம் போட்டேன். ஒரே பயணத்தில் இரண்டு காரியம் என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். இந்தப் பதிவில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தத் தவற்றை வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை அந்தக் கம்பெனிச் சரக்கை ஃபெயில் செய்தேன். மேனேஜர் கெஞ்சினார், நான் மசியவில்லை. அந்த முறுக்கோடு, தோளில் பையும் சட்டைப்பையில் டேப்பும் ஆரோ ஷீட்டுமாக, மூன்று மணிக்கு முகாமுக்குள் நுழைந்தேன்.

ஷெட்டின் நடுவே கயிறு கட்டி டி-ஷர்ட்டுகளை ஹேங்கரில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தைத்த பிள்ளையின் பெயர் மட்டும் இருந்தது. முதல் அரை மணி நேரம் பெற்றோர்கள் தாங்களாகவே சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு பிள்ளைகள் உள்ளே வந்து, இதை யாருக்காகத் தைத்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். யாருக்காக என்பதை அதுவரை வெளியிடக் கூடாது என்று ஏற்பாடு. ஜெசிந்தா மிஸ் இதை மைக்கில் தெளிவாகத்தான் சொன்னார். நான் காதில் வாங்காமல் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். நல்லூரில் பத்து மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்துகிறவர். என் பையையும் டேப்பையும் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

“இன்ஸ்பெக்சனுங்ளா? இது எம்பட பையன் தெச்சதுங்க. சித்தெ பாத்துச் சொல்லுங்க.”

கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கை முழுக்கத் திறந்து கிடந்தது, முடிச்சுப் போட நாடாக்கள் வைத்திருந்தான். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஓரத் தையல் பாம்பு மாதிரி போயிருந்தது. ஆனால் முன்பின் தெரியாதவரின் பிள்ளை. “நல்லாப் பண்ணியிருக்கானுங்க. வித்தியாசமா யோசிச்சிருக்கான்” என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “உங்க பாப்பாவுதுங்க?” என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் முன்னால் சொந்தப் பிள்ளையை மெச்சிக்கொள்ள மாட்டோம். யாராவது புகழ்ந்தால்கூட “அட, நீங்க வேற, சோம்பேறிங்க அது” என்று ஒரு குட்டு வைப்போம். அதுதான் அடக்கம் என்று பழகிவிட்டோம். அந்தப் பழக்கமும் என் தொழிலும் அன்றைக்குக் கைகோத்துக்கொண்டன. “பாப்பமுங்க, எந்த லட்சணத்துல இருக்குதுன்னு” என்று சொல்லிக்கொண்டே பாப்பாவின் டி-ஷர்ட்டைக் கழற்றி மேஜையில் விரித்தேன். சாம்பல் நிறம், பெரிய ஆள் அளவு.

டேப்பை எடுத்தேன். மார்பு, நீளம் சரி. வலது தோள் இடது தோளைவிட அரை இஞ்ச் இறங்கியிருந்தது. ஒரு ஆரோ. வலது கை இடது கையைவிட அரை இஞ்ச் குட்டை. இன்னொரு ஆரோ. கழுத்துப் பட்டியில் ஒரு இடத்தில் தையல் விட்டுப் போயிருந்தது, அங்கே ஒன்று. கீழ் ஓரம் அலை அலையாக இருந்தது, அங்கே ஒன்று. இதற்குள் நாலைந்து பெற்றோர் கூடிவிட்டார்கள். எனக்குக் குஷி வந்துவிட்டது. “பாருங்க, தோளு ரெண்டும் ஒண்ணா இல்ல. கை ரெண்டும் ஒண்ணா இல்ல. இதெல்லாம் அடிப்படைங்க” என்று வகுப்பெடுத்தேன். கடைசியாக, கம்பெனியில் சொல்கிற அதே குரலில், “மேஜர் ரெண்டு, மைனர் ரெண்டு. ஃபெயில்!” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நல்லூர்க்காரர் மட்டும் சிரிக்காமல் வாசல் பக்கம் பார்த்தார்.

பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பாப்பா முன்வரிசையில் இருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. மேஜையில் நான்கு சிவப்பு அம்புகளோடு கிடந்த டி-ஷர்ட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அவசரமாக ஸ்டிக்கரைப் பிரிக்கப் போனேன். அவள் வந்து டி-ஷர்ட்டை என் கைக்கு எட்டாமல் எடுத்துக்கொண்டு தன் வரிசைக்குப் போய்விட்டாள்.

ஒவ்வொரு பிள்ளையாகப் பேசினார்கள். நல்லூர்க்காரர் மகன் தன் தம்பிக்குத் தைத்திருக்கிறான். தம்பிக்குக் கை உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறதாம், அந்தக் கட்டு நுழைவதற்குத்தான் ஒரு கை திறந்து நாடா வைத்திருக்கிறான். பாப்பாவின் முறை வந்தபோது டி-ஷர்ட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். ஆரோக்கள் அப்படியே இருந்தன.

“இது எங்கப்பாவுக்கு. அவங்க தெனமும் வலது தோள்ல பெரிய பை மாட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போவாங்க. அதனால அந்தத் தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும். எந்தச் சட்டை போட்டாலும் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கும், அவங்க இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருப்பாங்க. அவங்க பழைய நீல டி-ஷர்ட்ட ஊட்ல இருந்து சொல்லாம எடுத்துட்டு வந்து அளந்து பாத்தேன். அந்தத் தோளுக்கு ஏத்த மாதிரி தோளையும் எறக்கி, கையையும் கொறச்சு வெட்டித் தெச்சிருக்கேன்.”

டி-ஷர்ட்டை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

“இதுல நாலு டிஃபெக்ட் இருக்குதுன்னு சொன்னாங்க. ரெண்டு நெஜமாவே என் தப்பு. மத்த ரெண்டும் அப்பாவோட தோளு.”

யாரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா மிஸ்தான் முதலில் கை தட்டினார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யாரோ தெரியாத பையனின் கோணல் தையலை நல்லாயிருக்கிறது என்று சொன்ன வாய், சொந்த மகள் பத்து நாள் எனக்காக உட்கார்ந்து தைத்ததை ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்துவிட்டது. அவள் என் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, அந்த வேலை என் உடம்பில் எங்கே படிந்திருக்கிறது என்பதுவரை அவள் பார்த்து வைத்திருந்தாள். நானோ அளவுப் பட்டியலைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஜெசிந்தா மிஸ்ஸிடம் போனேன். “தப்புப் பண்ணிட்டனுங்க” என்றேன்.

“எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் உட்காரச் சொல்லவும் இல்லை. பிறகு அவராகவே சொன்னார்: “அந்தக் கைய மூணு வாட்டி பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சாளுங்க. ஒவ்வொரு வாட்டியும் எங்கிட்ட வந்து, ‘அப்பா பாத்தா பாஸ் பண்ணுவாங்ளா மிஸ்’னு கேப்பா. நான் என்னத்தச் சொல்றதுங்க? பண்ணுவாங்க கண்ணுன்னுதான் சொல்லி அனுப்புனேன்.”

பாப்பாவின் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்புகிற வழியில் டவுன் பஸ்ஸில் ஸ்டேஷன் வந்தோம், ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். சாயங்கால ரயிலில் கூட்டம், ஊத்துக்குளியில் கொஞ்சம் பேர் இறங்கியதும் இடம் கிடைத்தது. பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். “தப்பாயிடுச்சு கண்ணு” என்றேன். “பரவாயில்லப்பா” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சும்மா இருக்க முடியாமல், “துணி ஓரம் பிரியாம ஓவர்லாக் தையல் அருமையா விழுந்திருக்கு, தோள் தொய்யாம உள்ள நாடா வெச்சுத் தெச்சிருக்க பாரு, அது பெரிய டெய்லருக்கே வராது” என்று அடுக்கினேன். அவள் ஜன்னலிலிருந்து திரும்பாமலே, “இன்ஸ்பெக்சன் போதும்ப்பா” என்றாள். விஜயமங்கலம், ஈங்கூர், பெருந்துறை எல்லாம் கடந்து போயின.

வீட்டில் சுமதி எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டாள். பாப்பா டி-ஷர்ட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நானே எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. சுமதி நான்கு ஆரோக்களையும் துணி இழுபடாமல் மெதுவாகப் பிரித்தாள். மூன்றைக் கசக்கிப் போட்டாள். நான்காவதை என் வலது தோளில் அழுத்தி ஒட்டினாள். “இங்க ஒட்ட வேண்டியது” என்றாள். அவள் குரலில் விளையாட்டு இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பாப்பாவிடம் கேட்டுக்கொண்டு அதைப் போட்டுப் பார்த்தேன். கழுத்து நட்ட நடுவில் நின்றது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எந்தச் சட்டையும் என் மேல் அப்படி உட்கார்ந்ததில்லை. கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவமானம்தான் வந்தது. அவள் எதிர் அறையிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். முகாமில் மிஸ்ஸிடம் மூன்று தடவை கேட்ட கேள்வியை என்னிடம் கேட்க அவளுக்கு இனி அவசியம் இல்லை.

சரி, கோடை முகாமுக்கு அனுப்பலாமா? அந்த வாசகிக்கு இப்போது பதில் சொல்லலாம். பிள்ளை தையல் கற்றுக்கொண்டு வரும் என்று நினைத்தால் அனுப்பாதீர்கள். பத்து நாளில் நேராக ஒரு ஓரம்கூட அடிக்க வராது. நடுவில் ஒரு நாள் வெளியாள் ஒருவர் வந்து தலைமைப் பண்பு என்று மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்களாம், என் மகளும்தான். மார்க்குக்கும் அது உதவாது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரு மணி நேரம் மனிதர்களைப் பார்க்கச் சொன்னார்களே, அதற்காகவே அனுப்பலாம். அதை வேறு எந்த டியூஷனிலும் சொல்லித் தர மாட்டார்கள். எந்த முகாமாக இருந்தாலும் பணம் கட்டும் முன் சான்றிதழைப் பற்றிக் கேட்காதீர்கள், பிள்ளைகள் பகல் முழுக்க என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் நல்ல இடம். ராத்திரி யார் கூட இருப்பார்கள் என்றும் கேளுங்கள், பெண் பிள்ளை என்றாலும் பையன் என்றாலும்.

மே மாதத் திருப்பூர் வெயிலுக்கு இரண்டு பருத்தித் துண்டு, பெரிய தண்ணீர் பாட்டில், கொசுவர்த்தி இருந்தால் போதும். தலையணை அவர்களே தருகிறார்கள், எங்களை மாதிரித் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோக்காரரைப் பதற வைக்காதீர்கள். கடைசி நாளுக்கு முழு லீவு போட்டுவிட்டுப் போங்கள். அரை நாள் வேலை, அரை நாள் முகாம் என்று வேண்டாம். வாத்தியாராக இருந்தால் சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளை செய்ததைக் கையில் எடுக்கும் முன், இதை யாருக்காகச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவை இவ்வளவு நீளமாக எழுத வேண்டி வந்திருக்காது.

பதிவை வெளியிடும் முன் என் போனில் பாப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினாள். போகிற போக்கில் கேட்கிற மாதிரி, “அடுத்த வருசமும் போறியா கண்ணு?” என்று கேட்டேன்.

“போறேன்ப்பா” என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போகும்போது சொன்னாள்: “கடைசி நாளுக்கு அம்மா மட்டும் வரட்டும்.”